கல்லைத் தேடி அளப்பவர்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், இரண்டு பங்காளிகளுக்கு நடுவே கிடந்த வரப்பை அளக்க வந்த நில அளவரோடு ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தேன். புல எல்லையை அளந்து காட்டக் கேட்கும் ‘எஃப் லைன்’ மனுவைக் கொடுத்தவர் அண்ணன் முறை. தம்பி ஒவ்வொரு உழவிலும் வரப்பைத் தள்ளிப் போடுகிறார் என்பது அவர் புகார். பக்கத்துப் புலத்துக்காரர்களுக்கும் முன்பே அறிவிப்புப் போயிருந்ததால் அவர்களும் வந்திருந்தார்கள்.

எல்லோரும் வரப்பில் கூடி நிற்க, அளவர் புலப்படத்தை விரித்தபடி கண்மாய்க் கரைக்கு நடந்தார். “வரப்ப வச்சு அளந்தா வரப்புதான் வரும். கல்லப் பிடிச்சாத்தான் கோடு வரும்” என்றார். மூன்று புலங்கள் கூடும் இடத்தில் உதவியாளர் கடப்பாரையால் குத்திப் பார்க்க, ஒரு முழ ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. அடுத்த கல் கருவேலம் புதருக்குள் கிடைத்தது. மூன்றாவதைக் காணோம். “டிராக்டர் இழுத்துட்டுப் போயிருக்கும் சார்” என்றார் தலையாரி.

கிடைத்த இரண்டு கல்லுக்கும் இடையே சங்கிலி இழுத்து, படத்திலுள்ள அளவோடு ஒப்பிட்டார்கள். அது ஒத்துவந்த பிறகுதான் மேற்கொண்டு வேலை நடந்தது. நம் புலப்படங்கள் ஒவ்வொரு புலத்தையும் முக்கோணங்களாகப் பிரித்தே வரையப்பட்டவை. இரண்டு கல்லிலிருந்தும் உள்ள தூரம் தெரிந்தால், காணாமல்போன மூன்றாவதன் இடத்தைக் கண்டுவிடலாம். அப்படிக் கண்ட புள்ளியை வேறொரு கல்லிலிருந்தும் அளந்து சரிபார்த்தார். பிறகு ‘ஜி லைன்’ என்னும் அளவைக் கோட்டின் மீது, செங்கோணம் காட்டும் கிராஸ் ஸ்டாஃப் கருவியை நட்டு, செங்குத்து அளவுகளை எடுத்து, எல்லை வளையும் இடங்களில் குச்சி அடித்தார்.

பழைய அளவைச் சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். பதிவேடுகள் ஹெக்டேருக்கும் ஏர்ஸுக்கும் மாறிவிட்டன. ஊர்ப் பேச்சும் விலையும் இன்னும் சென்டில்தான்.

கோடு தம்பியின் வயலுக்குள் விழுந்தது. “அப்ப அது எனக்குத்தானே சார்?” என்றார் அண்ணன். “கோடு இதுதான்யா. நிலம் யாருக்குங்கிறத நான் சொல்ல முடியாது” என்றார் அளவர். தன் அதிகாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்து அவர் நின்ற இடம் அது.

1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, முறையாக அளந்து அறிவிக்கப்பட்ட எல்லை, உரிமையியல் நீதிமன்றம் மாற்றும்வரை உறுதியான சான்று. அதை ஏற்காதவர் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் எல்லை வேறு, உரிமை வேறு. பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. பத்திரத்தில் எழுதிய பரப்பும், நான்கெல்லை விவரமான சக்குபந்தியும் முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையையே ஏற்கின்றன. பரப்பைத் தப்பாக எழுதிவிடலாம்; வாங்கியவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டது வாய்க்காலையும் வரப்பையும்தான். 12 ஆண்டுக்கு மேல் எதிரிடையாக அனுபவித்ததாகச் சொல்லி ஒருவர் உரிமை கோரினால், அதையும் நீதிமன்றமே சாட்சி கேட்டு முடிவுசெய்யும். இவ்வளவும் அந்த மெல்லிய கோட்டின்மேல் நிற்கின்றன. அதனால்தான் அளவர் ஒரு கல்லுக்காக அவ்வளவு நேரம் மண்ணைக் கிளறினார்.

இப்போது செயற்கைக்கோள் வழி அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. வேலை விரைவாகும். ஆனாலும் அந்தக் கருவி தேட வேண்டியது, முன்னோடி அளவர்கள் நட்டு வைத்த அதே எல்லையைத்தான். கல்லைப் பேணும் கடமையைச் சட்டம் நிலத்துக்காரர்மேலேயே வைத்திருக்கிறது. நம்மில் பலர் அதை உழவுக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி எறிகிறோம். புலப்படத்தின் நகலை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளோடு நிலத்தைச் சுற்றி வந்து கற்களைப் பாருங்கள். ஒன்று பெயர்ந்திருந்தால், பக்கத்துக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே மனுக் கொடுத்து நட்டுவிடுங்கள்.