மீட்டர் 12 காட்டியது, பல்ப் எரியவில்லை

எங்கள் கார் பழையது. மூன்று பேர் பணம் போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். விழுப்புரம், திண்டிவனம், மயிலம், மரக்காணம் என்று வன்கொடுமை வழக்குகளுக்காக அலைவதற்கு அதுதான் கதி. சாட்சிகள் பின்சீட்டில், வழக்குக் கட்டுகளும் கேமராவும் டிக்கியில். அந்த டிக்கிக்குச் சாவித் துளை கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் பூட்டை விடுவிக்கும். அது ஒன்றுதான் வழி.

மழைக்காலம் முடிந்ததும் பொத்தான் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒருநாள் திறக்கும், ஒருநாள் திறக்காது. விழுப்புரத்தில் ஒரு கடையில் காட்டினோம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பொத்தான் தேய்ந்துவிட்டது என்று புதிதாக மாட்டினார்கள். 1,400 ரூபாய். கடை வாசலில் பத்து முறை அழுத்திப் பார்த்தோம், பத்து முறையும் திறந்தது. சந்தோஷமாகக் கிளம்பினோம்.

நான்காவது நாள் விழுப்புரம் சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு விசாரணை. திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்து புகார்தாரரான அக்காவை ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வந்து சேர்ந்தோம். காலை பத்தரைக்குள் அவருடைய சாதிச் சான்றிதழின் அசலை அரசு வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். வன்கொடுமை வழக்கில் அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பது இதைப் படிக்கும் தோழர்களுக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்காவிட்டால் சட்டமே பொருந்தாது என்பார்கள். அந்த அசல் டிக்கியில் இருந்தது. டிக்கி திறக்கவில்லை.

"சாவி கையில இருந்தும் தொறக்க முடியலியே தம்பி" என்றார் அக்கா.

எங்களில் ஒல்லியானவர் பின்சீட்டின் ஒரு பாதியை மடக்கி, அந்த இடுக்கு வழியாக டிக்கிக்குள் ஊர்ந்து போனார். செல்போன் வெளிச்சத்தில் மூடியின் உள்பக்க அட்டையைப் பிரித்து, ஸ்க்ரூ டிரைவரால் பூட்டின் நாக்கை நெம்பினார். திறந்தது. சட்டையெல்லாம் அழுக்கோடு நீதிமன்றத்துக்குள் ஓடினோம். பத்து இருபத்தைந்துக்குத் தாள் கைமாறியது.

மதியம் அதே கடைக்குப் போனோம். பூட்டுக்குப் போகும் பிளக்கைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்து, பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மீட்டர் 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் முழுசா வருது. மோட்டார் போயிடுச்சி. பூட்டை அப்படியே மாத்தணும்." ஆறாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எங்களிடம் அவ்வளவு இல்லை. டிக்கியை மூடிக்கொண்டு திரும்பினோம்.

திண்டிவனம் திரும்பும் வழியில் அக்கா தன் தங்கை மகனைப் பற்றிச் சொன்னார். ஐ.டி.ஐ. முடித்தவர், புறவழிச்சாலை ஓரம் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். அங்கே போய் நிறுத்தினோம்.

அவர் காரைத் தொடுவதற்கு முன் கேள்விதான் கேட்டார். "நம்பர் பிளேட் லைட் எப்பிடி எரியுதுண்ணே?"

யோசித்துப் பார்த்தோம். சில வாரமாகவே மங்கலாகத்தான் எரிந்தது. பல்ப் பழசு என்று விட்டுவிட்டோம்.

"ரெண்டும் ஒரே மூடியில இருக்கு. ரெண்டுக்கும் எர்த் ஒரே ஒயராத்தான் இருக்கும். பொத்தானை அழுத்துங்க." அழுத்தினோம். டாஷ்போர்டுக்குள் ரிலேயின் 'டிக்' சத்தம் கேட்டது. "பொத்தானும் ரிலேவும் நல்லாருக்கு. அதுக்கப்புறம்தான் எங்கியோ பிரச்சினை."

மறுபடியும் ஒல்லியானவர் உள்ளே ஊர்ந்து திறந்துவிட்டார். தம்பி மூடியை முழுசாகத் தூக்க விடவில்லை, பாதி இறக்கியே பிடிக்கச் சொன்னார். தூக்கி வைத்துச் சோதித்தால் ஒயர் நீண்டு, அறுந்த இடம் ஒட்டிக்கொண்டு, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும் என்றார்.

மீட்டரை வைத்தார். 12 காட்டியது. கடையில் சொன்னது பொய்யில்லை. பிறகு லாரி இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை, 21 வாட், இரண்டு ஒயர் பற்றவைத்தது, எடுத்து அதே இரண்டு முனைகளில் வைத்தார். பொத்தானை அழுத்தினோம். பல்ப் எரியவில்லை. பல்பின் எர்த் முனையை மட்டும் எடுத்து டிக்கித் தரையில் இருந்த ஒரு போல்ட்டில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"மீட்டர் ரொம்பக் கொஞ்சமாத்தான் கரண்ட் இழுக்கும். ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலும் 12ன்னு காட்டும். மோட்டாருக்கு அது பத்தாது. லோடு வச்சாத்தாண்ணே உண்மை தெரியும். வர்ற வழி நல்லாருக்கு, திரும்பிப் போற வழிதான் அடைபட்டிருக்கு."

கீல் பக்கத்தில் காரின் உடம்பிலிருந்து மூடிக்குப் போகும் ஒயர்களை ஒரு ரப்பர் குழாய் மூடியிருந்தது. அதைப் பின்னுக்குத் தள்ளி ஒவ்வொரு ஒயராக மெல்ல இழுத்தார். மற்றவை விறைப்பாக நின்றன. ஒன்று மட்டும் ரப்பர் போல நீண்டது. மேல் உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்து, மழை ஈரத்தில் பச்சை பூத்து, ஓரிரு இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. வருடக்கணக்கில் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கிய இடம் அதுதான்.

அறுந்த பகுதியை வெட்டிவிட்டு, வளைந்து கொடுக்கும் புது ஒயரைச் சேர்த்தார். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போய் மறுபடி முறியும் என்பதால், இணைப்புகளைக் கீல் மடங்கும் இடத்திலிருந்து தள்ளி இரண்டு பக்கமும் வைத்தார். பக்கத்தில் உறை வெடித்திருந்த இன்னொரு ஒயரையும் மாற்றினார். ஒரு மணி நேரம். 350 ரூபாய்.

இவ்வளவையும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பல்ப் எரியாமல் நின்றபோது அவர் சொன்னார்: "என் பஸ் காசு மாதிரிதான். பேப்பர்ல வந்துடுச்சின்னுதான் சொல்றாங்க."

அவர் சொன்னது பயணப்படி. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆம் விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் தினப்படியும் உடனே, அல்லது மூன்று நாட்களுக்குள் தரவேண்டும் என்கிறது. 2015இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு அதைச் சட்டப்படியான உரிமையாகவே ஆக்கியது. அக்கா நான்கு முறை நீதிமன்றம் வந்திருக்கிறார். நான்கு நாள் கூலி போனது. கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. எங்கள் கார் ஓடுவதே அதனால்தான்.

இந்தச் சட்டம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1989இல்தான் சட்டம் வந்தது. எழுத்தில் பார்த்தால் அது முழு 12 வோல்ட். புலன் விசாரணை 60 நாளில் முடிய வேண்டும். குற்றப்பத்திரிகைக்குப் பின் கூடுமானவரை இரண்டு மாதத்தில் வழக்கு முடிய வேண்டும். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஆய்வுக் கூட்டங்களில் மீட்டர் வைத்துப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். புகார் பதிவானதா, ஆனது. கோப்பு நகர்ந்ததா, நகர்ந்தது. ஒருநாள் கூலியை இழந்து வந்து நிற்கும் ஒரு பெண்ணின் பாரத்தை அதில் ஏற்றிப் பார்ப்பதில்லை.

நாங்களும் அந்தக் கடைக்காரர்களைப் போலத்தான் இருந்திருக்கிறோம். வழக்கு தோற்றால் சட்டத்தில் பல் இல்லை என்று பேசுவோம், அல்லது சாட்சி பல்டி அடித்துவிட்டார் என்று கோபப்படுவோம். நல்ல மோட்டாரைக் கழற்றச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். சாட்சி மாறுவதற்கு முன் அவருக்கு எத்தனை முறை பயணப்படி கிடைத்தது, பாதுகாப்பு கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வந்ததா, எந்த மேசையில் நின்றது என்று ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்ததில்லை.

மறுநாளே உட்கார்ந்து எழுதினோம். அக்கா வந்த நான்கு தேதிகள், பஸ் கட்டணம், இழந்த கூலி, 11ஆம் விதி, 15ஏ பிரிவு எல்லாம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு. ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்திருக்கிறோம். எங்களிடம் இருக்கும் மற்ற வழக்குகளின் சாட்சிகளுக்கும் இதேபோல ஒரு பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறோம். தோழர்கள் தங்கள் பகுதியிலும் செய்யுங்கள். "பணம் ஒதுக்கியாச்சு" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். கைக்கு வந்ததா என்று கேளுங்கள்.

டிக்கி இப்போது ஒரே அழுத்தில் திறக்கிறது. சான்றிதழ் அசல்களை மட்டும் இனி முன்சீட்டில், எங்கள் மடியில்தான் வைத்திருப்போம்.