0.04 மில்லிமீட்டர்

உங்க காருக்கோ ஃபிரெண்டு காருக்கோ அலாய் வீல் மாட்டப் போறீங்களா? அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிட்டு மாட்டுங்க. நான் படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழ்ல தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. கீழே சொல்லப்போற தப்பு அதைவிடப் பெருசு.

2024-ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி நைட் ரேஸ் நடந்துச்சே, அதைப் பார்த்ததிலிருந்து எங்க நாலு பேருக்கும் ரேஸ் பைத்தியம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினோம். ஆசை ஒண்ணே ஒண்ணுதான். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஒரு நாளாவது சொந்தக் காரை ஓட்டணும். 1990-லிருந்து இருக்கும் ட்ராக், 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ட்ராக் டே-க்குப் பணமும் கட்டியாச்சு.

புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் அலாய் நாலு கிடைச்சது. மெக்கானிக்கல் பசங்களாச்சே, கணக்கு போடாம வாங்குவோமா? ஸ்டட் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், நாலு ஓட்டை: சரி. கம்பெனி டயர் 185/65 ஆர் 15, மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். நாங்க போட்டது 195/55 ஆர் 16, உயரம் 620.9. ஸ்பீடோமீட்டர்கூட பொய் சொல்லாது. அவ்வளவு பெர்ஃபெக்ட்.

அதுக்கப்புறம்தான் அழகுபடுத்துறேன்னு ஒரு வேலை செஞ்சேன். ரிம்ல கீறல் நிறைய இருந்துச்சு. ஸ்ப்ரே கேன் வாங்கி, மேட் பிளாக்ல மூணு கோட் அடிச்சேன். முன்பக்கம், பின்பக்கம், நட்டு உட்காரும் குழி, எதையும் விடலை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வெச்சேன்.

விழுப்புரத்தில் ராத்திரி வீல் மாட்டி, விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல் தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சது. "பேலன்சிங் பிரச்சினைதான்டா, ஸ்ரீபெரும்புதூர்ல பார்த்துக்கலாம்"னு சொன்னது நான்தான். நாப்பது கிலோமீட்டர் வாக்கில் திண்டிவனம் வந்ததும், டீ குடிச்சே ஆகணும்னு எங்க சிவில் நண்பன் அடம்பிடிச்சான். பிரேக் அடிச்சு ஓரங்கட்டும்போது முன்னாடி இடது பக்கம் 'டக் டக்'னு சத்தம்.

டீக்கடைக்கு அடுத்து ஒரு பஞ்சர் கடை. அங்கிருந்த அண்ணன் வந்து குனிஞ்சு பார்த்தார். ஸ்பானர் எதுவும் எடுக்கலை. விரலாலேயே ரெண்டு நட்டைச் சுத்திக் காட்டினார்.

யாரும் பேசலை.

ஜாக்கி போட்டு வீலைக் கழட்டினார். குழிக்குள்ள என் மேட் பிளாக் பெயிண்ட் நசுங்கி, செதில் செதிலா உதிர்ந்து கிடந்தது. "பெயிண்ட் மேல நட்டு நிக்குமா தம்பி? இரும்பும் இரும்பும் கடிக்கணும்"னு மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு இதுதான். காரின் எடையை ஸ்டட்தான் தாங்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறோம். உண்மையில், நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரொம்பக் கொஞ்சமா நீளுது. அது மறுபடி சுருங்கப் பார்க்கிற விசைதான் வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்குது. அந்தப் பிடியில் வரும் உராய்வுதான் எடையையும் பிரேக்கையும் தாங்குது. எங்க கார் மேனுவல்ல டார்க் 85 நியூட்டன் மீட்டர். ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர். செமஸ்டர்ல எழுதின அதே ஃபார்முலாவில் போட்டால் ஒரு ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 35 கிலோ நியூட்டன், அதாவது மூணரை டன் பிடி வருது.

இவ்வளவு பிடிக்கு ஸ்டட் எவ்வளவு நீளுது தெரியுமா? பிடிக்கும் நீளம் 20 மில்லிமீட்டர்னு வெச்சா, சுமார் 0.04 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மூணு கோட் பெயிண்ட் அதைவிடத் தடிமன். சூட்டிலும் அதிர்விலும் அந்தப் பெயிண்ட் நசுங்கினதும், ஸ்டட் நீண்ட நீளம் முழுக்கத் திரும்பிடுச்சு, பிடியும் போயிடுச்சு. போல்ட் ப்ரீலோடு பத்தி 13 மார்க் கேள்விக்கு நான் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். கையில ஸ்ப்ரே கேன் இருந்தப்போ அதுல ஒரு வரிகூட ஞாபகம் வரலை.

நடுக்கத்துக்குக் காரணம் வேற. பல கார்களுக்கும் பொருந்தணும்னு இந்த மாதிரி வீல்களின் நடு ஓட்டையைப் பெருசா விடுவாங்க. எங்களுடையது 73.1 மில்லிமீட்டர், ஸ்விஃப்ட் ஹப் 54.1. நடுவில் ஒரு வளையம் போட்டாத்தான் வீல் சரியா மையத்தில் உட்காரும். நாங்க அதைப் போடவே இல்லை.

"இந்த ஸ்டட்டை வெச்சுக்கிட்டு ரேஸ் ஓட்டாதீங்க"னு அண்ணன் கண்டிப்பா சொல்லிட்டார். அவரே ஒரு மெக்கானிக்கை வரவழைச்சார். நண்பன் பஸ் பிடிச்சு விழுப்புரம் போய், பழைய இரும்பு வீல் நாலையும் குட்டியானையில் ஏத்திட்டு வந்தான். எல்லாம் முடிய மத்தியானம் ஆயிடுச்சு. ட்ராக் டே பணம் போச்சு. திரும்பும்போது 60-க்கு மேல யாரும் ஓட்டலை. பாட்டும் போடலை. டீ குடிக்க நிக்காம இருந்திருந்தா, செங்கல்பட்டுக்கு முன்னாடி எங்கேயோ அந்த வீல் தனியா போயிருக்கும். பக்கத்தில் பைக்கில் யார் வந்திருப்பாங்களோ.

அதனால உங்களுக்கு நாலு விஷயம். நட்டு உட்காரும் குழியிலும் ஹப்பைத் தொடும் முகத்திலும் பெயிண்ட், துரு எதுவும் இருக்கக் கூடாது. ஹப் வளையத்தை மறக்காதீங்க. உங்க கார் மேனுவலில் இருக்கும் டார்க்குக்கு, எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி இறுக்குங்க. 50 கிலோமீட்டர் ஓட்டினதும், வீல் ஆறின பிறகு, மறுபடி டார்க் செக் பண்ணுங்க. விழுப்புரத்தில் மாட்டினா திண்டிவனத்தில் பாருங்கன்னு வெச்சுக்கலாம்.

நான் உப்புத்தாள் வெச்சு நாலு வீலையும் தேய்ச்சு முடிச்சிட்டேன். வளையமும் வாங்கியாச்சு. அடுத்த ட்ராக் டே-க்குக் காசு சேர்த்துட்டு இருக்கோம். வீட்ல இன்னும் சொல்லலை. அப்பா இந்த மேகசின் படிக்க மாட்டார்ங்கிற நம்பிக்கையில்தான் எழுதியிருக்கேன்.