ஒவ்வொருத்தரா கேக்காதீங்க, கை தூக்கச் சொல்லுங்க

முதல் வருஷம் சி லேப்ல ஃபார் லூப் எழுதினதுல இருந்து நம்ம எல்லாருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. லிஸ்ட்னு ஒண்ணு கண்ணுல பட்டா போதும், முதல் ஆளை எடு, பாரு, அடுத்த ஆள்கிட்ட போ. கோடே எழுத வேண்டாம்னு சொல்ற பவர் ஆட்டோமேட்ல கூட இது விடல. அதுவும் நம்மளை அங்கேயே தள்ளுது: எக்செல் டேபிள்ல இருந்து ஒரு நெடுவரிசையை கிளிக் பண்ணினா, நீங்க கேக்காமலே அதை 'அப்ளை டு ஈச்' பெட்டிக்குள்ள போட்டுடும்.

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு சீனியர் செட் விட்டுட்டுப் போன ஒரு ஃப்ளோ இருக்கு. பதிவு பண்ணின 400 பேரை வெஜ், நான்-வெஜ்னு பிரிச்சு, கேன்டீனுக்கு எண்ணிக்கையும் பெயர்களும் அனுப்பும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கண்டிஷன், கவுன்ட்டரை ஒண்ணு ஏத்துறது, பெயரைச் சேர்க்கிறது. ஆக 1200 வேலை.

வேகம் வேணும்னா கன்கரன்சியை ஆன் பண்ணு, ஒரே நேரத்துல 50 சுத்து வரைக்கும் ஓடும்னு ஒரு நண்பன் சொன்னான். ஓடும்தான். ஆனா எல்லாச் சுத்தும் ஒரே வேரியபிளைத் தொடும்போது கடைசியில வர்ற கணக்கை நம்பி யாரு பிரியாணி சொல்றது?

கிளாஸ் ரெப் ஐவி போறதுக்கு ஆள் எடுக்கும்போது பெஞ்ச் பெஞ்சா போய்க் கேக்குறானா? "வர்றவங்க கை தூக்குங்க"ன்னு முன்னாடி நின்னு ஒரு தடவை சொல்றான். 'ஃபில்டர் அரே' அதைத்தான் செய்யுது. கை தூக்கினவங்க லிஸ்ட்ல இருந்து பெயரை மட்டும் எடுக்க 'செலக்ட்', கமா போட்டு ஒட்ட 'ஜாயின்'. எண்ணிக்கைக்கு வேரியபிளே வேண்டாம், லெங்த் எக்ஸ்பிரஷன் போதும். (செலக்ட்ல மேப்பை டெக்ஸ்ட் மோடுக்கு மாத்திக்கோங்க, அப்போதான் வெறும் பெயர்கள் வரும். எக்செல் ஆக்‌ஷன்ல பேஜினேஷனும் ஆன்ல இருக்கணும். இல்லன்னா 256 வரிசையோட நின்னுடும்.)

வெஜ்ஜுக்கு மூணு, நான்-வெஜ்ஜுக்கு மூணு. ஆறு வேலையில முடிஞ்சது. ஆனா ரெண்டு லெங்த்தையும் கூட்டினா 389 தான் வந்துச்சு.

மீதி 11 பேர் எங்க? பழைய லூப்ல இந்தக் கேள்வியே வராது. அங்க வெஜ் இல்லாதவங்க எல்லாரும் 'இல்லை' பக்கம், அதாவது நான்-வெஜ். ஸ்பாட்ல எக்செல்ல கையால அடிச்ச வரிசைகள்ல சிலது காலியா இருந்துச்சு, சிலதுல 'வெஜ்'ஜுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ். ஈக்வல்ஸுக்கு அது வேற வார்த்தை. கூட்டுத்தொகை மட்டும் 400-ன்னு சரியா வந்துட்டே இருந்திருக்கும். வேற ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்த ஒரு வெஜ் பொண்ணு கவுன்ட்டர்ல நின்னாதான் விஷயம் தெரிஞ்சிருக்கும்.

அதனால மூணாவதா ஒரு ஃபில்டர்: ரெண்டுலயும் சேராதவங்க. இப்போ ஒன்பது வேலை. ரன் ஹிஸ்டரியைத் திறந்தா அந்தப் பெயர்கள் ஒரே இடத்துல கிடைக்கும். லூப்னா 400 சுத்தையும் ஒண்ணொண்ணா தள்ளிப் பாக்கணும். அடுத்த வருஷம் இதைப் பாத்துக்கப்போற ஜூனியருக்கு நான் காட்டினதும் இந்த மூணாவது பெட்டியைத்தான்.

ஆளாளுக்கு டோக்கன் மெயில் அனுப்புற லூப்பை மட்டும் தொடல. 400 மெயில்னா 400 தடவை அனுப்பித்தான் ஆகணும்.