ஹந்தானைச் சாரலில் ஓர் அழுங்கு

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைக் கண்டு, வாவிக்கரையில் உலாவி, பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்துத் திரும்புவது வழக்கம். நகருக்குத் தெற்கே மேகம் தவழ நிற்கும் ஹந்தானை மலையை அண்ணாந்து பார்ப்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர். சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் அம்மலைச் சாரலில் ஏறினேன்.

தேயிலைச் செடிகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கறையான் புற்றொன்று பிளந்து கிடந்தது. ஆழமான நகக் கீறல்கள் மண்ணில் தெரிந்தன.

"சேர், புற்றுடைக்கும் பேரெறும்புண்ணி தென்னமெரிக்காவில் அல்லவா இருக்கிறது?" என்றான் ஒரு மாணவன்.

அவன் கூறியது உண்மையே. வாலுடன் சேர்த்து ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும், அடர்ந்த மயிரும், 60 சென்ரிமீற்றர் வரை நீளும் நாவும் உடைய அவ்விலங்கு அங்குள்ள புல்வெளிகளிலும் காடுகளிலும் வாழ்கிறது. நம் நாட்டில் அத்தொழிலைச் செய்வது அழுங்கு. சிங்கள மக்கள் இதனைக் கபல்லேவா என்பர். இரண்டிற்கும் பல் இல்லை. இரண்டிற்கும் ஒட்டும் நாவும் வலிய நகங்களும் உண்டு. ஆயினும் இவை உறவினம் அல்ல. அழுங்கு, நாய் பூனை முதலிய ஊனுண்ணிகளுக்கே நெருங்கிய இனம். ஒரே உணவைத் தேடிய இரு வேறு குலங்களுக்கு இயற்கை ஒரே வகைக் கருவிகளை வழங்கியிருக்கிறது! பல்லில்லாத குறையை அழுங்கின் இரைப்பை தீர்க்கிறது. உணவோடு விழுங்கிய சிறு கற்களே அங்கு அம்மியாகின்றன.

பகலெல்லாம் வளையில் உறங்கி இரவில் இரை தேடும் இவ்விலங்கின் உடலை 160 முதல் 200 வரையான செதில்கள் மூடியுள்ளன. ஆபத்து வந்தால் தலையை உள்ளே செருகி, வாலால் இறுக்கிப் பந்தாகிவிடும். சிறுத்தையும் அக்கவசத்தைப் பிரிக்க இயலாமல் திகைக்கும். 'அழுங்குப் பிடி' என்று நம் முன்னோர் வழங்கியது சும்மாவன்று.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டவாறே விறகுக் கட்டுடன் வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நின்றார்.

"வாலிபத்தில் நானும் ஒன்றை வளை தோண்டிப் பிடித்தேனுங்க, ஐயா. கடிக்கவில்லை, ஓடவில்லை, சுருண்டுகொண்டது. லயத்துக்குத் தூக்கிவந்து வைத்தோம். வெகுநேரங்கழித்து மெல்ல விரிந்தபோது வயிற்றோடு ஒரு குட்டி! அன்றிரவே கொண்டுபோய் விட்டுவிட்டேன். அதன் பிறகு அதன்மேல் கை வைத்ததில்லை" என்றார்.

மாணவர் எவரும் பேசவில்லை. அழுங்கு பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். தாய் அதனை வாலின்மேல் சுமந்து திரியும். அஞ்சும்போது அதனை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும். சிறுத்தையிடமிருந்து காக்கும் அந்த உபாயம் மனிதனிடம் பலிப்பதில்லை. உருண்டு கிடப்பதை அவன் எளிதாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். இறைச்சிக்காகவும், மருந்தென நம்பப்படும் செதிலுக்காகவும் இவ்வினம் அழிகிறது. அச்செதிலோ நம் விரல் நகம் எப்பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது. நகத்தைத் தின்று நோய் தீர்ந்தவர் உண்டோ? 2016இல் ஜோகன்னஸ்பேர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு அழுங்கினம் எட்டினதும் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. இலங்கைச் சட்டமும் இதனைக் காக்கிறது. எனினும், இருளில் காட்டோரத்தில் நடப்பதைச் சட்டம் எப்போதும் காண்பதில்லை. அங்கே நிற்பவன் மனிதன் ஒருவனே.

அழுங்கு வீட்டருகே வந்தால் நாயைக் கட்டிவிட்டு, விளக்கைத் தணித்து, விலகி நிற்றலே போதும். தானே விரிந்து தன் வழியே போய்விடும்.

இறங்கி வருகையில், கேள்வி கேட்ட மாணவன் அப்புற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "சேர், இன்றிரவும் அது வருமா?" என்றான்.

"நாம் விட்டுவைத்தால் வரும்" என்றேன்.