வறண்ட மண்ணில் வளர்ந்த கல்விச் சோலை
காரைக்குடிப் பயணக் குறிப்புகள்

செட்டிநாடு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, நாவூறச் செய்யும் அதன் சமையல். மற்றொன்று, கோட்டைகளைப் போல நீண்டு கிடக்கும் அதன் மாளிகைகள். அவற்றைக் காணவே இன்று உள்நாட்டாரும் வெளிநாட்டாரும் காரைக்குடிக்கு வருகின்றனர். ஆனால் அந்நகரில் காண வேண்டிய மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. அதற்கு நுழைவுச் சீட்டு இல்லை, வழிகாட்டியும் தேவையில்லை. காலை ஒன்பது மணியளவில் கல்லூரிச் சாலையில் சிறிது நேரம் நின்றாலே போதும். சிற்றூர்களிலிருந்து பேருந்துகளில் வந்திறங்கும் மாணவ மாணவியர் சாரைசாரையாக நடந்து செல்வதைக் காணலாம். உழவர் வீட்டுப் பிள்ளைகளும், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், தலையில் முக்காடிட்ட நம் சமுதாயப் பெண்களும் அக்கூட்டத்தில் உள்ளனர். அவர்கள் நடந்து செல்லும் நிலம் ஒரு காலத்தில் பொட்டல் காடு. அதைக் கல்விச் சோலையாக்கியது ஒரு தனிமனிதரின் கொடையுள்ளம்.

பூட்டிய மாளிகைகள்

காரைக்குடியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மழைவளம் குன்றியவை. ஆற்றுப் பாசனம் இல்லை. கண்மாய்களை நம்பியே வேளாண்மை. எனவே இவ்வட்டாரத்து நகரத்தார் பெருமக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கடல் கடந்து சென்று பொருளீட்டினர். ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊர்களில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்கில் தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரைகள், முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் அமைந்த கதவுகள் என, பார்க்கப் பார்க்க வியப்பூட்டும் கட்டடங்கள் அவை.

ஆனால் இன்று அத்தெருக்களில் நடப்பவர் உள்ளத்தில் வியப்புடன் ஒரு பாரமும் ஏறுகிறது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்கள் வாழ்வதோ பல ஊர்களில். திருமணம், சடங்கு என்று ஆண்டில் ஓரிரு நாட்கள் கதவு திறக்கும்; பிறகு மீண்டும் பூட்டு. சில வீடுகள் விடுதிகளாகி உயிர் பெற்றுள்ளன. வேறு சில இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

ஒரு தெருவில் வாசற்படியில் அமர்ந்திருந்த முதிய காவலர் ஒருவரிடம், "உள்ளே யாரும் இல்லையா, ஐயா?" என்று வினவினேன். "அறை அறுபது இருக்கு பாய். ஆளு நான் ஒருத்தன்தான்" என்றார் அவர். அந்த விடையில் குறை கூறும் தொனி இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். இதைப் படிக்கும் வாசகர்களில் கடற்கரையோர ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கு அச்சொல் புதிதாகத் தோன்றாது. வளைகுடாவிலும் கிழக்காசியாவிலும் உழைத்துக் கட்டிய எத்தனையோ வீடுகள் நம் ஊர்களிலும் பூட்டித்தானே கிடக்கின்றன!

கோட்டையூர் தந்த கொடைவள்ளல்

காரைக்குடியை அடுத்துள்ள கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, இலண்டன் சென்று சட்டம் பயின்றார். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றார். தாயகம் திரும்பியபின் அவர் கை வைத்த தொழில்கள் பல. கேரளத்தில் நூற்பாலை நிறுவினார்; மலாயாவில் தொழில் நடத்தினார்; ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஆங்கில அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் அப்பட்டத்தை அவர் துறந்தார். 1956ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது.

இத்தகைய செல்வர்கள் அக்காலத்தில் வேறு சிலரும் இருந்தனர். அழகப்பர் தனித்து நிற்பது ஈட்டிய விதத்தால் அன்று, கொடுத்த விதத்தால். 1940களில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய 1 லட்சம் ரூபாய் வழங்கினார். பேரறிஞர் வையாபுரிப் பிள்ளை பின்னாளில் பணியாற்றிய துறை அது. சென்னை கிண்டியில் 1944ஆம் ஆண்டு தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தோன்ற 5 லட்சம் ரூபாய் அளித்தார். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி என்று வழங்கும் அது இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.

1947ஆம் ஆண்டு சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அப்போது பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், அம்மையாரின் நினைவாகக் கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று வேண்டினார். அக்கூட்டத்திலேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார் அழகப்பர். கட்டடம் எழும்பட்டும், பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்ட் மாதத்தில், காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஈகையில் விரைவுக்கு உள்ள பெருமையை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. நாளை தருகிறேன் என்று தள்ளிப்போடப்பட்ட நன்கொடைகளின் கணக்கை யாரே அறிவார்!

நாட்டுக்கு ஒரு காணிக்கை

விடுதலைக்குப் பின், அறிவியல் ஆய்வுக்கெனத் தேசிய ஆய்வுக்கூடங்களை நாடெங்கும் நிறுவும் பணியில் பிரதமர் நேருவும் அறிவியலறிஞர் சாந்தி சொரூப் பட்நாகரும் முனைந்திருந்தனர். அவற்றுள் ஒன்று காரைக்குடிக்கு வர வேண்டும் என அழகப்பர் விரும்பினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அதற்காகக் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நேருவே நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அந்நிறுவனத்தைத் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்.

பேட்டரிகள், மின்முலாம் பூசுதல், உலோகங்கள் துருப்பிடித்தலைத் தடுத்தல் முதலிய துறைகளில் அங்கே ஆய்வு நடக்கிறது. கடற்காற்றில் இரும்பு எவ்வாறு அரிக்கப்படுகிறது என்பதை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமும் உண்டு. ஆறும் பெருந்தொழிலும் இல்லாத ஒரு வட்டாரத்துக்கு இத்தகைய நிறுவனம் தானாக வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கொடையில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிலத்தையும் பணத்தையும் தந்தவர், நிருவாகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. அதை நாட்டிடமே ஒப்படைத்தார். கொடுத்த பொருளின்மீது கொடுத்தவரின் பிடி தளரும்போதுதான் கொடை முழுமை அடைகிறது. வக்ஃபு என்னும் அறக்கொடையின் அடிப்படையும் இதுவே என்பதை நாம் அறிவோம்.

ஓடி விளையாட ஒரு திடல்

கலைக் கல்லூரியைத் தொடர்ந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி, பயிற்றுப் பள்ளி, குழந்தைகளுக்கான பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது உடற்கல்விக் கல்லூரி. படிப்புக்கு வாரி வழங்கும் செல்வர்கள்கூட விளையாட்டு என்றதும் கையைச் சுருக்கிக்கொள்வது வழக்கம். விளையாட்டு பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் உருவானால், அவர் பணியாற்றும் ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் திடலில் இறங்குவர். அப்பயன் ஒரு கோப்பையைப் பரிசளிப்பதால் கிட்டுவதன்று. மாலை வேளையில் அத்திடலோரம் நின்றபோது, வெறுங்காலுடன் ஓடிப் பழகும் இளைஞர்களையும், கையில் விசிலுடன் அவர்களை ஊக்குவிக்கும் பயிற்றுநரையும் கண்டேன். விளையாட்டுக்குத் தரக்கூடிய முதற்கொடை மண்தான் என்பது அங்கே விளங்கியது.

1985ஆம் ஆண்டு இந்நிறுவனங்களின் அடித்தளத்தில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதைக் காண அழகப்பர் இல்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். 48 வயது நிறைய ஒரு நாளே எஞ்சியிருந்தது. நோயோடு போராடிய வாழ்வு அது. தாம் வாழ்ந்த மாளிகையையே பெண்கள் கல்விக்கு அளித்தவர் என்று இவ்வட்டாரத்து மக்கள் இன்றும் நெகிழ்ந்து பேசுகின்றனர். பூட்டிய மாளிகைகளின் நடுவே, திறந்துவிடப்பட்ட மாளிகை அது ஒன்று.

கலை வளர்த்த எளியோர்

கோடீசுவரர்கள் மட்டுமே கொடையாளர் என்று எண்ணிவிடலாகாது. அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், ஏன், திருமண அழைப்பிதழ்கள்கூட அவருக்குச் செல்வமாயின. வாழ்நாளெல்லாம் தேடித்தேடி ஏறத்தாழ 1 லட்சம் நூல்களும் ஏடுகளும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழகத்திலேயே நிலைபெறச் செய்தது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதன் விளைவு.

காரைக்குடியில் சா. கணேசன் 1939ஆம் ஆண்டு கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அம்மரபு தமிழகமெங்கும் பரவிற்று. சென்னைக் கம்பன் கழகத்தை வழிநடத்திய நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்களை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தமிழ் என்னும் முற்றத்தில் யாவரும் ஒருங்கே அமரலாம் என்பதற்கு அப்பெருமகனாரே சான்று.

பெருங்கொடையும் சிறுகொடையும்

இங்கே மற்றொரு வரலாற்றையும் சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது. சென்னை குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சி. ராஜம். 'இந்தியா ஹவுஸ்' என்னும் தம் மாளிகையை விற்று அந்நிறுவனத்தை எழுப்பினார். அங்கே விமானப் பொறியியல் பயில 1954இல் இடம் பெற்ற மாணவர்களுள் ஒருவர் இராமேசுவரத்து ஆ.ப.ஜை. அப்துல் கலாம். ஆனால் சேர்வதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 1,000 ரூபாய் அவர் தந்தையிடம் இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவியதைக் கலாம் அவர்களே தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

ராஜம் தம் மாளிகையைத் தந்திராவிட்டால் கலாமுக்கு நுழைய ஒரு வாயில் இருந்திராது. சகோதரி வளையலைத் தந்திராவிட்டால் அவ்வாயிலுக்குள் அவர் அடியெடுத்து வைத்திருக்க இயலாது. கல்லூரி கட்டுவதோடு கொடை முடிந்துவிடுவதில்லை. அதன் வாசலில் கட்டணம் இன்றித் தயங்கி நிற்கும் பிள்ளையையும் அது உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும். முன்னது செல்வர்களால் இயலும். பின்னதோ நம்மில் எவராலும் இயலும்.

நம் முன் உள்ள வினா

நம் சமுதாயத்துப் பெரியோரும் இவ்வழியில் நடந்தவர்களே. 1951ஆம் ஆண்டு திருச்சியில் ஜமால் முகமது சாகிபும் காஜா மியான் இராவுத்தரும் வித்திட்ட ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டு சென்னையில் தோன்றிய புதுக்கல்லூரி, 1970இல் இதே சிவகங்கைச் சீமையில் இளையான்குடி மக்கள் கண்ட டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி ஆகியவை அதற்குச் சான்றுகள். நின்று பயன் தரும் தர்மத்தை 'சதக்கத்துல் ஜாரியா' என்று போற்றும் சமுதாயம் இது. அதற்கு அழகப்பரின் வரலாறு அயலார் கதையாக இராது.

ஊர் திரும்பும் முன் ஒவ்வொருவரும் தம் ஊரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றின் கூடத்தையேனும் மாலை நேரப் படிப்பகமாக்க இயலாதா? விலை போகாத தரிசு ஒன்றைப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக விட்டுக்கொடுக்க இயலாதா? ஒரு திருமண விருந்தின் செலவில் ஒரு பகுதி, ஓர் ஏழைப் பெண்ணின் மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணம் ஆகாதா? இவற்றுக்கு வள்ளல் பட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

காரைக்குடி மாளிகைகளின் பர்மாத் தேக்கு மேலும் ஒரு நூற்றாண்டு நிற்கக்கூடும். ஆனால் அவ்வூரை வாழவைத்திருப்பது நாள்தோறும் கல்லூரிச் சாலையில் நடக்கும் அந்தப் பிள்ளைகளின் காலடிகளே.