எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

நான் இலக்கணம் படித்தவன் அல்ல. பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணி, ஒரு ஸ்பின்னிங் மில் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முக்கால்வாசி விரல் வழியாக வந்ததுதான்.

மில்லிலிருந்து சைமாவுக்கு அடிக்கடி கடிதம் போகும். 1933-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய மில்காரர்கள் சங்கம் அது. முழுப்பெயர் “சதர்ன் இந்தியா மில்ஸ்' அசோசியேஷன்”. ‘மில்ஸ்’ என்பதில் எஸ் எழுத்துக்குப் பிறகு மேலே ஒரு சின்னக் கொக்கி உண்டு. அப்பாஸ்ட்ரபி என்பார்கள். பழைய ரெமிங்டன் மெஷினில் ஷிப்டை அழுத்திக்கொண்டு 8-ஐத் தட்டினால் விழும். எங்கள் மேனேஜர் அந்தக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். “இது ஒரு மில்லோட சங்கமா? அத்தனை மில்லுக்கும் சங்கம். அதனால கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால” என்பார். நான் படித்த பாடம் அவ்வளவுதான். அது இன்றுவரை போதுமானதாக இருக்கிறது.

விவரமாகச் சொன்னால் இப்படி. சொந்தக்காரர் ஒருவர் என்றால் கொக்கி போட்டு, பிறகு எஸ் போட வேண்டும். வீவர்'ஸ் என்றால் ஒரு நெசவாளருடைய. சொந்தக்காரர் பலர் என்றால், பன்மைக்கே ஒரு எஸ் ஏற்கனவே இருக்கும். அதன் தலைக்குப் பின்னால் கொக்கியை மட்டும் மாட்டினால் போதும். வீவர்ஸ்' என்றால் பல நெசவாளர்களுடைய. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் சொல்லும் 1935-ல் தோன்றிய சங்கத்தின் இங்கிலீஷ் பெயரில் ‘வீவர்ஸ்'’ என்றுதான் இருக்கும். சங்கம் ஒரு நெசவாளருடையது அல்ல, எல்லா நெசவாளர்களுக்கும் உடையது என்று அந்தக் கொக்கி சொல்கிறது. 1990-ல் ஆரம்பித்த திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் பெயரிலும் கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால்தான்.

எஸ்ஸில் முடியாத பன்மைகள் சில உண்டு. சில்ட்ரன், விமன், மென், பீப்பிள் எல்லாம் எஸ் இல்லாமலே பலரைக் குறிக்கும். அவற்றுக்கு ஒருமை மாதிரியே கொக்கி, பிறகு எஸ். நவம்பர் 14 சில்ட்ரன்'ஸ் டே. சென்னையில் 1915-ல் தொடங்கியது விமன்'ஸ் கிறிஸ்டியன் காலேஜ். இதில் கொக்கியை எஸ்ஸுக்குப் பின்னால் போட்டால் தப்பு. காலத்தைச் சொல்லும்போதும் இதே கணக்குதான். ஒரு மாத நோட்டீஸ் என்றால் மந்த்'ஸ், மூன்று மாத நோட்டீஸ் என்றால் மந்த்ஸ்'. லீவு லெட்டர் எழுதிய கைக்கு இது மறக்காது.

நம் தமிழில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறேன். ‘நெசவாளருடைய கூலி’, ‘நெசவாளர்களுடைய கூலி’ என்று சொன்னால் காதிலேயே வித்தியாசம் விழுந்துவிடும். பலர் என்பதற்கு ‘கள்’ தனி, சொந்தம் என்பதற்கு ‘உடைய’ தனி. இங்கிலீஷில் இரண்டு வேலையையும் ஒரே எஸ் பார்க்கிறது. வீவர்'ஸ், வீவர்ஸ்', வெறும் வீவர்ஸ் மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சத்தம் ஒன்றுதான். காது கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். நம்மிடம் குழப்பமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ‘ஆசிரியர் தினம்’ என்பதில் ஓர் ஆசிரியரா பல ஆசிரியரா என்று தமிழ் சொல்வதில்லை. செப்டம்பர் 5-ஐ இங்கிலீஷில் எழுதும்போது கொக்கியை எங்கே வைப்பது என்று தீர்மானித்தே ஆக வேண்டும். டீச்சர்ஸ்' டே, பல ஆசிரியர்களின் நாள்.

அன்னையர் தினம் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் 1914-ல் ஜனாதிபதி வில்சன் அதை அறிவித்தார். அந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ் என்ற அம்மையார், கொக்கி எஸ்ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார் எல்லோருக்கும் பொதுவான நாள் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் தாய்க்கு உரிய நாள் என்பது அவர் எண்ணம்.

இதெல்லாம் வாத்தியார்கள் விவகாரம் என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவில் இது கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. நியூ சவுத் வேல்சில் வீடு, மனை விற்றுத் தரும் ஏஜெண்ட் ஒருவர், இன்னொரு ஏஜெண்ட் ‘எம்ப்ளாயீஸ்’ ஓய்வூதியப் பணத்தைக் கட்டுவதில்லை என்று பேஸ்புக்கில் எழுதினார். கொக்கி போடவில்லை. அவதூறு வழக்கு வந்தது. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுங்கள் என்று அவர் கேட்டபோது, 2021-ல் நீதிபதி மறுத்துவிட்டார். ஓர் ஊழியருக்குக் கட்டவில்லை என்றால் ஏதோ விட்டுப்போனது என்று சொல்லலாம், எல்லா ஊழியர்களுக்கும் கட்டவில்லை என்றால் வேண்டுமென்றே செய்தது போல் ஆகிவிடும், கொக்கி இல்லாததால் படிக்கிறவர் அப்படியும் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது என்பதே காரணம்.

சோமனூர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். கூலிக்கு நெசவு செய்யும் நம் விசைத்தறியாளர்களின் போராட்டங்களைப் பார்த்தவர்கள் நாம். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதம் என்று கூலி உயர்வு பேசி முடித்தார்கள். அது நடைமுறைக்கு வராததால் அடுத்த ஜனவரியில் தறிகள் நின்றன. ஒரு தறிக்காரருக்குக் கூலி பாக்கி என்றால் அது அவருக்கும் ஜவுளிக்காரருக்கும் உள்ள கணக்கு. தறிக்காரர்கள் எல்லோருக்கும் என்றால் ஊர்ப் பிரச்சினை. இங்கிலீஷ் மனுவில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு கொக்கிதான்.

நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயர்கள் வேண்டாம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு தறிக்குடோன். அப்பா காலமான பிறகு மூன்று பையன்களுக்கும் பொதுவாக இருந்தது. பெரியவர் பத்தாவதோடு நின்று தறி ஓட்டினவர். நடுப்பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கடைசிப் பையன் கனடாவில் இருக்கிறார். தன் பங்கு வேண்டாம் என்று அவர் முடிவு செய்து, வக்கீல் கேட்டபடி இங்கிலீஷில் மெயில் அனுப்பினார். என் பங்கை ‘மை பிரதர்ஸ் ஷேர்’ உடன் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. கொக்கி எங்கும் இல்லை.

பெரியவர் மகன், “எங்கப்பாவைத்தான் சொல்றாரு, கொக்கி விட்டுப்போச்சு” என்றான். கட்டிங் மாஸ்டரின் மகள் காலேஜில் படிக்கிறவள், “எஸ் இருக்குதே, ரெண்டு பேரும்னுதான் அர்த்தம்” என்றாள். ஒரு வாரமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பெரியவர் மெயிலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏனுங் சார், இதுல ஒரு அண்ணனுங்களா, ரெண்டு அண்ணனுங்களா? பாத்துச் சொல்லுங்க.”

தமிழில் எழுதியிருந்தால் ‘பெரியண்ணன் பங்கு’ என்றோ ‘அண்ணங்க ரெண்டு பேர் பங்கு’ என்றோ எழுதியிருப்பார், வம்பே இல்லை. இதில் எப்படியும் படிக்கலாம் என்பதுதான் உண்மை. “நான் சொல்லக் கூடாதுங்க. எழுதினவரைத்தான் கேக்கோணும்” என்றேன். தம்பியையும் வரச்சொல்லி, சாயங்காலம் என் வீட்டிலிருந்தே கனடாவுக்குப் போன் போட்டோம். அங்கே விடிந்திருந்தது.

“ரெண்டு அண்ணனுக்கும் சரிபாதிங்க சார். அதுல என்ன சந்தேகம்?” என்றார் கடைசித் தம்பி.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தம்பியைக் காலேஜ் படிக்க வைத்தது அவர் ஓட்டிய தறிதான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பிறகு, “செரி, அவன் வாயால சொல்லீட்டான். அப்படியே எழுதீருங்க” என்றார்.

நான் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்தவில்லை. ‘என் மூத்த சகோதரர்கள் இருவர்’ என்று எண்ணிக்கை போட்டு, இரண்டு பேர் பெயரையும் எழுதி, ‘சம பாகமாக’ என்றும் சேர்த்து இங்கிலீஷில் வரியை மாற்றிக் கொடுத்தேன். அதை வைத்தே பவர் பத்திரம் வந்தது, விடுதலைப் பத்திரமும் பதிவானது. தறியைப் பெரியவர்தான் ஓட்டுகிறார். தன் பாதிக்குத் தம்பி வாடகை வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

நம் வயதுக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து இப்படி இங்கிலீஷ் காகிதங்கள் இப்போது நிறைய வருகின்றன. கையெழுத்துப் போடுமுன் எஸ் வரும் இடத்தில் கொஞ்சம் நின்று, கொக்கி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கியே இல்லை என்றால், நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாமல் எழுதினவரைக் கேளுங்கள். சொத்து, பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் எத்தனை பேர், யார் யார் என்று பெயரோடு எழுதச் சொல்லிவிடுங்கள்.