நின்றதும் நில்லாததும்

தொடங்கிய கருமம் இடையே நின்றுவிடின், அதனைத் தீயூழென நொந்துகொள்வது மக்கள் இயல்பு. யானும் அவ்வாறு நொந்தவனே. ஆயினும், நின்றுபோன ஆறு கணினிகளால் எனக்கு யாதொரு தீங்கும் விளையவில்லை. நில்லாது சென்ற ஏழாவதே கேடு விளைத்தது. சென்ற கோடை விடுமுறையில் நிகழ்ந்த அதனை ஈண்டு மறையாது உரைக்கின்றேன்.

நம் நூலகத்துக்குப் புதிதாய் வந்த கணினிகள் ஆறு; நூலகர் அறையில் முன்னரே இருந்தது ஒன்று. இவ்வேழிலும் விண்டோஸ் இயக்க முறைமையை நிறுவும் பணி, தமிழ் மாணாக்கனாயினும் கணினியில் விருப்புடையவன் என்று என்னிடம் ஒப்புவிக்கப்பட்டது. நூலகர் கணினியில் வட்டுகள் இரண்டு. சிறியதில் இயக்க முறைமையும், பெரியதில் நம் கல்லூரி மலரின் பழைய இதழ்களிலிருந்து அவர் படியெடுத்த 1,140 பக்கங்களும் இருந்தன. "பெரியதைத் தொடாதே, தம்பி" என்று அவர் முன்னரே கூறியிருந்தார்.

ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து விடையளித்தல் வீணுழைப்பு எனக் கருதி, 'ஆளிலா நிறுவல்' என்னும் முறையை மேற்கொண்டேன். நிறுவி கேட்கும் வினாக்களுக்குரிய விடைகளையெல்லாம் ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதிவைப்பது அம்முறை. "0 என்னும் எண்ணுடைய வட்டைத் துடைத்து அதில் நிறுவுக" என்று எழுதினேன். நூலகர் கணினியில் சிறிய வட்டே 0 என்பதை முன்னரே பார்த்திருந்தமையால் ஐயம் எழவில்லை. மாலையில் ஏழினையும் சேவையகத்திலிருந்து வலைவழியே தொடங்கிவைத்து, விடுதிக்கு ஏகினேன்.

மறுநாட் காலையில், புதியவை ஆறும் வட்டு அகப்படவில்லை என்று பொருள்படும் பிழைச்செய்தியைக் காட்டி நின்றன. ஏழாவது மட்டும் பணி முடித்து ஒளிர்ந்தது. அவ்வொன்றேனும் வாய்த்ததென்று மகிழ்ந்து நூலகரை அழைத்தேன். அவர் சிறிது நேரம் திரையை ஆராய்ந்து, "தம்பி, மலர்ப் பக்கங்கள் எங்கே?" என்றார். எனக்கு நா எழவில்லை.

காரணத்தை நின்றுபோன கணினிகளே கற்பித்தன. அவற்றுள் ஒன்றில் ஷிப்ட், எப்10 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'டிஸ்க்பார்ட்' கருவியால் வட்டுகளைப் பட்டியலிட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த பதினோராந் தலைமுறை தொட்டு, இன்டெல் செயலியுள்ள கணினிகள் பலவற்றில் வட்டு 'விஎம்டி' என்னும் கட்டுப்படுத்தியின் பின்னே அமைகிறது. அதற்குரிய இயக்கி, அதாவது டிரைவர், இல்லையேல் நிறுவிக்கு வட்டு புலப்படாது. இயக்கியை யான் வையாமலில்லை. பொதியை அவிழ்க்காமல் ஒற்றை 'ஈஎக்ஸ்ஈ' கோப்பாகவே வைத்திருந்தேன். நிறுவி தேடுவதோ 'ஐஎன்எப்' என்னும் விவரக்கோப்பை. 'சிஸ்', 'கேட்' கோப்புகளும் அதனோடு உடனிருத்தல் வேண்டும். பொதியை அவிழ்த்து, 'டிரைவ்லோட்' கட்டளையால் அதனை ஏற்றியவுடன் வட்டு பட்டியலில் தோன்றிற்று.

ஏழாவதிலும் இயக்கி இல்லாமையே குறை. சிறிய வட்டு விஎம்டியின் பின்னே மறைந்தது. சாட்டா வகையைச் சார்ந்த பெரிய வட்டு மறையவில்லை. கண்ணிற்பட்ட ஒன்றே 0 ஆயிற்று. என் கட்டளை எழுத்துப் பிசகாமல் நிறைவேறிற்று. 'பேந்தர்' அடைவிலுள்ள பிழைப் பதிவேட்டில் இதனைக் குறித்து ஒரு வரியும் இல்லை. இருக்குமாறு எங்ஙனம்? நிறுவியைப் பொறுத்தவரை அது பிழையே அன்று. பிழை என்னுடையது.

நண்பர்காள், ஆளிலா நிறுவலை யான் கைவிடவில்லை. ஆனால் இப்பொழுது, முதற் கணினியில் நிறுவி காணும் வட்டுகளை நேரிற் பார்க்கின்றேன். இயக்கி ஏறியதா என்று 'செட்டப்ஆக்ட்' பதிவேட்டைப் படிக்கின்றேன். காக்கவேண்டிய வட்டு இருப்பின் அதன் வடத்தைக் கழற்றிவிடுகின்றேன். நாம் இல்லாத இடத்தில் நடக்கவேண்டிய கட்டளையை, அங்கே நாம் இருந்தால் எவற்றைப் பார்ப்போமோ அவற்றையெல்லாம் பார்த்தபின்னரே எழுதுதல் வேண்டும்.

நூலகர் என்னைக் கடிந்திலர். தாளில் அச்சிட்ட இதழ்கள் இன்னும் பேழையில் உள்ளன. நாள்தோறும் மாலையில் அவருடன் அமர்ந்து அவற்றை மீண்டும் படியெடுத்து வருகின்றேன். இதுவரை 430 பக்கங்கள் முடிந்தன. இம்முறை ஒவ்வொரு பக்கத்திற்கும் இரண்டு படிகள், இரு வேறு வட்டுகளில்.